ஓப்பன்இஎம்ஆர்: அமெரிக்கப் பாத வைத்தியருக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து பில் போடுபவருக்கு இது சரிவருமா?

ஓப்பன்இஎம்ஆர் ஒரு இலவச மென்பொருள். ஜிபிஎல் உரிமத்தில் வருவதால் வாங்கவும் தேவையில்லை, மாதச் சந்தாவும் இல்லை. நோயாளர் பதிவு, சந்திப்பு நேரம், வைத்தியக் குறிப்பு, பில்லிங் எல்லாம் ஒன்றாகவே இருக்கும். உலாவியில் திறந்து வேலை செய்யலாம். 2022இல் வந்த ஏழாம் பதிப்பின் பில்லிங் பகுதி மட்டுமே இங்கே எங்கள் பேச்சு. அதுவும் பாத வைத்திய கிளினிக்குக்கு அது எவ்வளவு உதவும் என்ற அளவில்தான். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அமெரிக்க கிளினிக்குக்குப் பில் போடுபவர்களுக்கே முதலில் இதை எழுதுகிறோம். இங்கேயே கால் பராமரிப்பு நிலையம் நடத்துபவர்களுக்கும் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒன்றிரண்டு வைத்தியர் உள்ள பாத கிளினிக்குக்கு இது போதும், நன்றாகவும் இருக்கிறது. ஆனால் மெடிகேர் என்ற அமெரிக்க அரச காப்புறுதியின் பாதப் பராமரிப்பு விதிகளை அறிந்த ஒருவர் அதன் முன்னால் இருக்கவேண்டும். நீங்கள் எழுதியதை அது பிழையில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். எழுதாமல் விட்டது என்ன என்று கேட்காது. பாத வைத்தியத்தில் பணம் போவது பெரும்பாலும் எழுதாமல் விட்ட இடத்தில்தான்.

எங்கள் பிள்ளைகள் இந்த வேலைக்கு வரும்போது தடுமாறுவதற்குக் காரணம் ஆங்கிலம் அல்ல. பில் என்ற விசயமே இங்கே வேறு. அரச வைத்தியசாலையில் பில் கிடையாது. தனியாரிடம் போனால் காசைக் கொடுத்து ரிசீற்றை வாங்கிக்கொண்டு வருவோம். அமெரிக்காவிலோ வைத்தியர் செய்த வேலை ஐந்து இலக்கச் சிபிடி கோட்டாகவும், ஏன் செய்தார் என்பது ஐசிடி-10 கோட்டாகவும் மாறி, கிளியரிங்ஹவுஸ் என்ற இடைநிறுவனம் வழியாக, கிளெய்ம் என்ற பணக் கோரிக்கையாகக் காப்புறுதிக்குப் போகிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அது பெரும்பாலும் மெடிகேர். சாதாரண நகம் வெட்டுவதற்கும் காய்ப்புச் சீவுவதற்கும் மெடிகேர் பணம் கொடுப்பதில்லை என்பது அடிப்படை விதி. நீரிழிவு, இரத்த ஓட்டக் குறைவு, நரம்புப் பாதிப்பு போன்ற நோயால் வைத்தியர் அல்லாத ஒருவர் கை வைப்பது ஆபத்து என்று காட்டினால்தான் விதிவிலக்கு. ஆகவே பாத வைத்தியத்தில் ஒவ்வொரு கிளெய்மும் ஒரு விதிவிலக்குக் கோரிக்கை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால், கீழே சொல்லும் முறைகளின் காரணம் தானாகவே விளங்கும்.

நிறுவியதும் முதலில் பார்க்கவேண்டியது நேர வலயம். நிர்வாக அமைப்புப் பக்கத்தில் லொக்கேல் என்ற பிரிவில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்து நிறுவுபவர் கைப்பழக்கத்தில் கொழும்பைத் தெரிவு செய்வதுண்டு. கோடைகாலத்தில் நியூயோர்க்கை விட நாங்கள் ஒன்பதரை மணித்தியாலம் முன்னே. அங்கே பிற்பகல் 2.30 ஆகும்போது இங்கே நள்ளிரவு தாண்டிவிடும். அதற்குப் பிறகு வரும் நோயாளர் எல்லோருக்கும் மென்பொருள் மறுநாள் திகதியைப் போட்டுவிடும். வைத்தியக் குறிப்பில் ஒரு திகதி, கிளெய்மில் வேறு திகதி. கணக்காய்வு வந்தால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். கிளினிக் இருக்கும் ஊரின் நேர வலயத்தையே போடுங்கள். திகதி வடிவத்தில் ஆண்டு முதலில் வரும் வகையைத் தெரிவு செய்யுங்கள். 03/07 என்றால் அவர்களுக்கு மார்ச் 7, எங்களுக்கு ஜூலை 3. இந்தக் குழப்பம் பிறந்த திகதியில் நடந்தால் கிளெய்ம் வாசலிலேயே திரும்பும்.

இந்த நேர வித்தியாசம் வேலைக்கு வசதியும் தருகிறது. நியூயோர்க் கிளினிக் மாலை 5 மணிக்குப் பூட்டும்போது இங்கே அதிகாலை 2.30, பனிக்காலத்தில் 3.30. காலை 8 மணிக்கு யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்குபவருக்கு முன்னைய நாளின் குறிப்புகள் முழுமையாகக் காத்திருக்கும். காப்புறுதிக் கொம்பனியோடு தொலைபேசியில் பேசவேண்டிய வேலையை மட்டும் மாலை 5.30க்குப் பிறகு வையுங்கள். இரவு முழுக்க விழித்திருக்கத் தேவையே இல்லை.

கோட்டுகளைப் பொறுத்தவரை ஒரு குறை உண்டு. அது மென்பொருளின் பிழை அல்ல. ஐசிடி-10 பட்டியலை எக்ஸ்ரேர்னல் டேற்றா லோட்ஸ் வழியாக இலவசமாக ஏற்றலாம். சிபிடி அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பதிப்புரிமை. உரிமம் வாங்கவேண்டும், மென்பொருளோடு சேர்ந்து வராது. சிறிய பாத கிளினிக் நாளாந்தம் தொடும் கோட்டுகள் சில டசின்தான். முழுப் பட்டியலையும் ஏற்றாமல் பாவிப்பவற்றை மட்டும் கட்டணத்தோடு கையால் பதிந்தால் தேடும்போது பிழையான கோட் கண்ணில் படாது. ஆண்டுதோறும் ஜனவரியில் சிபிடி கோட்டுகளும் மெடிகேர் கட்டண அட்டவணையும் மாறும். டிசம்பர் கடைசி வாரத்தில் அந்த வேலைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

இனி ஃபீ ஷீட் என்ற கட்டணத் தாள். மென்பொருளில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான், அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். ஒரு திரையிலேயே கோட், மொடிபயர் (கோட்டோடு ஒட்டும் விளக்கக் குறி), எண்ணிக்கை, கட்டணம், காரண நோய் எல்லாம் வரிசையாக இருக்கும். மாதச் சந்தா வாங்கும் சில மென்பொருட்களில் இதற்குத் திரைக்குத் திரை மாறவேண்டும். ஆனால் இந்தத் தாள் எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும்.

நகத்தை எடுத்துக்கொள்வோம். தடித்த, பங்கசு பிடித்த நகங்களை ஒன்று முதல் ஐந்து வரை தேய்த்துக் குறைத்தால் 11720. ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் 11721. எண்ணிக்கை கோட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே யூனிட்ஸ் கட்டத்தில் எப்போதும் 1. எட்டு நகம் செய்தார் என்று 8 போட்டால் மென்பொருள் கட்டணத்தை எட்டால் பெருக்கிவிட்டு அமைதியாக இருக்கும். காப்புறுதி நிராகரிக்கும். காய்ப்பும் ஆணியும் அப்படித்தான். ஒன்று என்றால் 11055, இரண்டு முதல் நான்கு வரை 11056, அதற்கு மேல் 11057. வைத்தியரின் குறிப்பில் “நகங்கள் குறைக்கப்பட்டன” என்று மட்டும் இருந்தால் கோட் போடவே முடியாது. எத்தனை, எந்தெந்த விரல் என்று எழுதித் தரும்படி திருப்பி அனுப்புங்கள். ஊகித்து 11721 போடுவது பிழையான பில். அதற்குப் பொறுப்பு வைத்தியரிலும் விழும், உங்களிலும் விழும்.

அடுத்தது கியூ மொடிபயர்கள். பாத வைத்திய பில்லிங்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நோயாளரின் காலில் வைத்தியர் கண்ட அறிகுறிகளை மெடிகேர் மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. ஏ வகுப்பு: விபத்தால் அல்லாமல் நோயால் பாதமோ அதன் எலும்புப் பகுதியோ துண்டிக்கப்பட்டிருப்பது. பி வகுப்பு: கணுக்காலின் உட்புற நாடி இல்லாமை, பாதத்தின் மேற்புற நாடி இல்லாமை, தோலும் நகமும் மிகவும் சீர்கெட்டிருப்பது. கடைசியாகச் சொன்னது ஒரு அறிகுறியாக எண்ணப்பட வேண்டுமென்றால் மயிர் குறைதல், நகம் தடித்தல், நிறத்திட்டு, தோல் மெலிந்து பளபளத்தல், செம்மை படர்தல் ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று இருக்கவேண்டும். சி வகுப்பு: நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுப்பது, பாதம் குளிர்ந்திருப்பது, வீக்கம், கூச்ச உணர்வு, எரிவு. ஏ ஒன்று இருந்தால் கியூ7. பி இரண்டு இருந்தால் கியூ8. பி ஒன்றும் சி இரண்டும் இருந்தால் கியூ9.

இதை ஓப்பன்இஎம்ஆர் தானாகக் கணிக்காது. “நாடி குறைவு” என்று வைத்தியர் எழுதியதை “நாடி இல்லை” என்று எடுத்து கியூ8 போடுவது சாதாரணமாக நடக்கும் பிழை. குறைவு என்பது இல்லாமை அல்ல. இதற்கு வழி மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. அதன் படிவ வசதியைக் கொண்டு ஏ, பி, சி அறிகுறிகளை அடையாளமிடும் சிறிய படிவம் ஒன்றைச் செய்து, ஒவ்வொரு வருகையிலும் வைத்தியரே அதை நிரப்பும்படி கேளுங்கள். பில் போடுபவர் அதை எண்ணிப் பார்த்தால் போதும். சென்ற தடவைக் குறிப்பை அப்படியே பிரதி எடுத்து ஒட்டுவதையும் இந்தப் படிவம் குறைக்கும். ஒரே வசனம் ஆறு வருகைக்கும் திரும்பத் திரும்ப வந்தால் கணக்காய்வாளர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

காரண நோயை ஜஸ்டிஃபை கட்டத்தில் இணைக்கவேண்டும். நகப் பங்கசுக்கு பி35.1, காய்ப்புக்கும் ஆணிக்கும் எல்84. அவற்றைத் தனியாக விட்டால் அது சாதாரணப் பராமரிப்பு. கூடவே ஈ11.42 என்ற நீரிழிவு நரம்புப் பாதிப்போ, ஈ11.51 என்ற நீரிழிவு இரத்தக்குழாய்ப் பாதிப்போ அதுபோன்ற வேறு நோயோ இருந்தால்தான் விதிவிலக்கு நிற்கும். எந்தக் கோட் முதலில் வரவேண்டும், எந்தச் சோடி செல்லும் என்பது மாநிலத்துக்குப் பொறுப்பான மெடிகேர் ஒப்பந்த நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அவர்கள் வெளியிட்ட பட்டியலை அச்சடித்து மேசையில் வையுங்கள். நோய் இல்லாமலே பங்கசு நகத்துக்குப் பணம் கேட்க வேறொரு வழியும் உண்டு. நகத்தால் வலியோ கிருமித் தொற்றோ நடக்க முடியாமையோ ஏற்பட்டிருக்கிறது என்று குறிப்பில் இருக்கவேண்டும். அப்போது கியூ மொடிபயர் தேவைப்படாது. வலது விரல் வலிக்கு எம்79.674, இடது விரலுக்கு எம்79.675 சேரும்.

ஒரே நாளில் காய்ப்பும் நகமும் செய்தால் நகக் கோட்டோடு 59 என்ற மொடிபயரைச் சேர்க்கவேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட மொடிபயர் வந்தால் இடையில் முக்காற்புள்ளி இட்டு ஒரே கட்டத்தில் எழுதலாம். இடைவெளி விட்டு எழுதினாலும் மென்பொருள் பிரித்துக்கொள்ளும். ஆனால் 59 என்பது ‘இரண்டும் வேறு இடம்’ என்ற உறுதிமொழி. உள்ளங்காலில் காய்ப்பும் விரல்களில் நகமும் என்றால் சரி. அதே விரலின் நுனியில் காய்ப்பைச் சீவி அதே விரலின் நகத்தையும் குறைத்திருந்தால் 59 போடக்கூடாது. இன்னொரு சேவைக்குள் அடங்கிவிட்டது என்று சொல்லும் சீஓ-97 நிராகரிப்பைத் தீர்க்க எல்லாவற்றுக்கும் 59 ஒட்டிவிடுங்கள் என்று சொல்பவரை நம்பவேண்டாம்.

நீரிழிவு போன்ற சில நோய்களுக்கு இன்னொரு நிபந்தனை இருக்கிறது. அந்த நோயைப் பார்க்கும் வைத்தியரை நோயாளர் கடந்த ஆறு மாதத்துக்குள் சந்தித்திருக்க வேண்டும். சந்தித்த திகதியும் அந்த வைத்தியரின் என்பிஐ என்ற அடையாள இலக்கமும் கிளெய்மில் போகவேண்டும். காகிதப் படிவத்தில் இது 19ஆம் கட்டம். ஓப்பன்இஎம்ஆரில் மிஸ்க் பில்லிங் ஒப்ஷன்ஸ் என்ற படிவத்தை அந்த வருகைக்குச் சேர்த்து, 15ஆம் கட்டத்தின் திகதிக்கு 304 என்ற வகையையும், 17ஆம் கட்டத்தில் வைத்தியரையும் கொடுக்கவேண்டும். இது கட்டணத் தாளில் இல்லை. தனிப் படிவம். அதனால்தான் மறக்கிறார்கள். முதல் தடவை அனுப்புமுன் பில்லிங் மனேஜரில் வலிடேட் ஒன்லி கொடுத்து, உருவாகும் கோப்பை எழுத்தாகத் திறந்து, திகதி வரியில் 304 இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். இல்லாமல் போனால், தகவல் குறைவு என்ற சீஓ-16 பதிலோடு திரும்பும்.

அறுபது நாள் விதிக்கு இந்த மென்பொருளில் காவல் இல்லை. இப்படியான பராமரிப்பை 60 நாளுக்கு ஒரு தடவைக்கு மேல் மெடிகேர் ஏற்பதில்லை. வரவேற்பு மேசையில் இருப்பவர் பழக்கத்தில் எட்டுக் கிழமைக்கு ஒருக்கால் என்று நாள் கொடுப்பார். எட்டுக் கிழமை 56 நாள். நிராகரிப்பு நிச்சயம். ஒன்பது கிழமை 63 நாள். நோயாளரை மீள அழைப்பதற்கான ரீகோல் போர்ட்டில் ஒன்பது கிழமையை வழமையாக வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை அடியோடு போய்விடும். நோயாளர் இடையில் வேறொரு பாத வைத்தியரிடம் போயிருந்தால் எந்த மென்பொருளுக்கும் தெரியாது. அதை நோயாளரிடம் கேட்கவேண்டும், பதிலைக் குறிப்பில் எழுதவேண்டும்.

நகம் பிடுங்குவது வேறு கணக்கு. ஒரு நகத்துக்கு 11730, அடுத்தடுத்த நகங்களுக்கு 11732, வேரோடு அகற்றினால் 11750. இங்கே விரலின் பெயர் மொடிபயராக வரும். இடது பெருவிரல் ரிஏ, அடுத்த நான்கும் ரி1 முதல் ரி4 வரை. வலது பெருவிரல் ரி5, மற்றவை ரி6 முதல் ரி9 வரை. ஒரு விரலுக்கு ஒரு வரி. 11750க்குப் பிறகு பத்து நாள் வரை அந்தக் காயத்தைப் பார்க்கும் வருகை அதே கட்டணத்துக்குள் அடங்கும். அதைத் தனியாகப் பில் போட்டால் மென்பொருள் தடுக்காது, மெடிகேர் தடுக்கும். அன்றே வேறொரு நோயையும் தனியாக ஆராய்ந்திருந்தால் வருகைக் கோட்டோடு 25 என்ற மொடிபயரைச் சேர்க்கலாம். நகம் பிடுங்கவேண்டும் என்று முடிவெடுத்த ஆராய்வு மட்டும் அதற்குப் போதாது.

அனுப்பும் பகுதி ஒழுங்காக இருக்கிறது. பில்லிங் மனேஜர் நாள் வாரியாக வருகைகளை அடுக்கிக் காட்டும், கிளெய்ம்களைக் கொண்டுபோகும் 837 கோப்பை உருவாக்கும், பிழை இருந்தால் பதிவேட்டில் சொல்லும். அனுப்பிய வருகை பூட்டப்படும். திருத்த ரீ-ஓப்பன் கொடுக்கவேண்டும். பதில்களை ஈடிஐ ஹிஸ்ரரியில் வாசிக்கலாம். 999 என்ற ஏற்புப் பதில் வந்தால் கோப்பின் அமைப்பு சரி என்று மட்டுமே அர்த்தம். 277சிஏ வந்தால்தான் ஒவ்வொரு கிளெய்மும் ஏற்கப்பட்டதா என்பது தெரியும். முதல் பதிலோடு நிம்மதியாக எழும்பிவிட்டு இரண்டு மாதம் கழித்துப் பணம் வரவில்லையே என்று தேடுவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கிறது. மெடிகேருக்கு அனுப்பச் சேவைத் திகதியில் இருந்து ஓராண்டு அவகாசம். மின்முறையில் போன கிளெய்முக்கு 14ஆம் நாளுக்கு முன் பணம் வராது. காகிதத்தில் போனால் 29ஆம் நாள். அதற்கு முன் காப்புறுதிக்குத் தொலைபேசி எடுப்பது வீண்.

திருத்தி அனுப்பும்போது ஒரு கவனம். தனியார் காப்புறுதிக்கு மீள்சமர்ப்பிப்பு இலக்கம் 7ஐயும் பழைய கிளெய்ம் இலக்கத்தையும் மிஸ்க் பில்லிங் ஒப்ஷன்ஸில் போடலாம். வைத்தியர் சேவைக்குப் பணம் கொடுக்கும் மெடிகேர் பகுதி பி அந்த 7ஐ ஏற்காது. அங்கே சிறு பிழைக்கு மீளத் திறக்கும் கோரிக்கை, வாசலில் திரும்பியதற்குப் புதிய கிளெய்ம், தீர்ப்பில் உடன்பாடில்லை என்றால் மேன்முறையீடு.

பணம் வந்த பிறகு, காப்புறுதி அனுப்பும் கொடுப்பனவு விவரமான 835 கோப்பை ஏற்றினால் மென்பொருள் தானாகப் பதியும். இங்கே ஓப்பன்இஎம்ஆர் உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் என்ன பதிந்தது என்பதை விளங்கியிருக்க வேண்டும். ஒரு உதாரணம். கிளினிக் கேட்டது 120 டொலர், மெடிகேர் அனுமதித்தது 100. வித்தியாசமான 20 சீஓ-45. அதை நோயாளரிடம் கேட்கக்கூடாது, எழுதித் தள்ளவேண்டும். அனுமதித்ததில் 80 சதவீதம் மெடிகேருக்கு, 20 டொலர் பீஆர்-2 என்று நோயாளருக்கு. ஆனால் வங்கிக்கு வருவது 80 அல்ல, 78.40. மெடிகேரின் பங்கில் 2 சதவீதம், அதாவது 1.60, வரவுசெலவுக் குறைப்பாகச் சீஓ-253 என்று பிடிக்கப்படுகிறது. 20, 1.60, 78.40, 20 எல்லாம் கூட்டினால் 120. இந்த 1.60ஐ நோயாளர் கணக்கில் தள்ளிவிட்டால் நூற்றுக்கணக்கான பொய்யான சில்லறை நிலுவைகள் சேர்ந்துவிடும், சட்டப்படியும் பிழை. ஆண்டின் தொடக்கத்தில், நோயாளர் முதலில் கட்டவேண்டிய பங்கைக் குறிக்கும் பீஆர்-1 அதிகம் வரும். 2025இல் பகுதி பிக்கு முதல் 257 டொலரை நோயாளரே கட்டவேண்டியிருந்தது. ஜனவரி, பெப்ரவரியில் வருமானம் குறைவது அதனால்தான்.

இரண்டாம் காப்புறுதியில் ஒரு பொறி இருக்கிறது. பதிலில் எம்ஏ18 என்ற குறிப்பு இருந்தால் மெடிகேரே அந்தக் கிளெய்மை இரண்டாம் காப்புறுதிக்கு அனுப்பிவிட்டது. நீங்களும் அனுப்பினால் சீஓ-18, இரட்டிப்பு என்று திரும்பும். அந்தக் குறிப்பைப் பார்த்த பிறகே இரண்டாம் பில்லிங் கட்டத்தை அடையாளமிடுங்கள். பழைய பணத்தை மீளப் பிடிக்கும் பிஎல்பி வரியையும் கோப்பில் தேடிப் பாருங்கள். அது எந்த நோயாளரோடும் ஒட்டாது. 835இன் மொத்தமும் வங்கியில் விழுந்ததும் ஒத்துவராவிட்டால் முதலில் தேடவேண்டிய இடம் அதுதான்.

நிலுவையைப் பார்க்க கொலெக்ஷன்ஸ் அறிக்கை நல்லது. 30 நாள் பிரிவுகளாகக் காட்டும். வெள்ளிக்கிழமை தோறும் 60 நாளைத் தாண்டியவற்றை மட்டும் எடுத்து, நிராகரிப்புக் கோட் வாரியாக ஒரு கொப்பியில் எழுதினால் ஒரே மாதத்தில் கிளினிக்கின் நோய் எதுவென்று தெரிந்துவிடும். சீஓ-4 அதிகம் என்றால் மொடிபயர், சீஓ-50 என்றால் காரண நோய், சீஓ-16 என்றால் அந்த 304 திகதி.

நீரிழிவுச் சப்பாத்துக்கு வழமையான பாதை செல்லாது. ஏ5500 சப்பாத்தும் ஏ5512, ஏ5513 உள்ளணைகளும் மருத்துவ உபகரணங்களுக்கான வேறொரு மெடிகேர் நிறுவனத்துக்குப் போகவேண்டும். ஆகவே காப்புறுதிப் பட்டியலில் அதை வேறொரு பெயராகப் பதியுங்கள். நாட்காட்டி ஆண்டுக்கு ஒரு சோடி சப்பாத்து, மூன்று சோடி உள்ளணை. வலதுக்கு ஆர்ரி, இடதுக்கு எல்ரி, தனித்தனி வரி, நிபந்தனைகள் நிறைவேறின என்று சொல்லும் கேஎக்ஸ் மொடிபயரும் சேரவேண்டும். நீரிழிவைப் பார்க்கும் வைத்தியரின் சான்று சப்பாத்தைக் கொடுப்பதற்கு முந்திய மூன்று மாதத்துக்குள்ளும், அவரோடான சந்திப்பு ஆறு மாதத்துக்குள்ளும் இருக்கவேண்டும். பாத வைத்தியரின் கையெழுத்து இதற்குச் செல்லாது. ஆவணம் கையில் இல்லாமல் சப்பாத்தைக் கொடுத்துவிட்டால் அந்தப் பணத்தை மறந்துவிடலாம்.

விதிவிலக்குக்குள் வராத நோயாளர் இருந்தால் அன்றே மேசையில் காசு வாங்குவதுதான் மரியாதை. காப்புறுதியின் மறுப்புக் கடிதம் வேண்டுமென்றால் ஜிவை என்ற மொடிபயரைப் போட்டு அனுப்பலாம். தேவையற்றது என்று மறுக்கப்படலாம் எனத் தெரிந்தால் மெடிகேர் கொடுக்காவிட்டால் தானே கட்டுவதாக நோயாளர் ஏற்கும் ஏபிஎன் படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி ஜிஏ மொடிபயரைப் போடவேண்டும். சேவைக்குப் பிறகு வாங்கிய கையெழுத்துச் செல்லாது.

யாழ்ப்பாணத்தில் இருந்து இந்த வேலையைச் செய்பவர் சேவையகத்தை அமெரிக்காவிலேயே வைத்துவிட்டுத் திரையை மட்டும் திறப்பது நல்லது. இங்கே மின்சாரம் போனாலும் தரவு பத்திரமாக இருக்கும். ரூட்டருக்கு ஒரு யூபிஎஸ் போதும். இரண்டடுக்கு உள்நுழைவு வசதி மென்பொருளிலேயே இருக்கிறது, கட்டாயமாக்குங்கள். பில் போடுபவருக்கு அக்கவுண்டிங் குழு அனுமதி மட்டும் கொடுங்கள். கிளினிக்கோடு, நோயாளர் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டத்தின்படி எழுத்து ஒப்பந்தம் வேண்டும். சில மாநிலங்கள் மெடிகெயிட் என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரச காப்புறுதியின் தரவை நாட்டுக்கு வெளியே திறக்க விடுவதில்லை. அந்த நோயாளரின் பில்லை கிளினிக் அங்கேயே செய்யவேண்டும். வேலை பிடிக்குமுன் இதைக் கேளுங்கள். விளங்காத பதில் ஒன்றைத் திரையில் படம் பிடித்து வாட்ஸப்பில் நண்பரிடம் கேட்பது சாதாரணமாகத் தெரியலாம். அது அந்த நோயாளரின் அந்தரங்கத்தைத் தெருவில் போடுவதற்குச் சமம்.

இங்கேயே கால் பராமரிப்பு நிலையம் வைத்திருப்பவருக்கு இந்த மென்பொருளின் முக்கால்வாசி தேவைப்படாது. நாளுக்கு ஐந்தாறு பேர் என்றால் பிரதி எடுக்கும் ரிசீற் புத்தகமும் ஒரு எக்செல் தாளும் போதும். இருபதைத் தாண்டினால், புண்ணுக்கு மருந்து கட்ட வாராவாரம் வருபவர்கள் பெருகினால், இது உதவும். நாணயக் குறியை ரூபாவாக மாற்றி, காப்புறுதிப் பகுதிகளை மறைத்துவிட்டு, மருந்து கட்டுதல், காய்ப்புச் சீவுதல், நகப் பராமரிப்பு என்று உங்கள் சேவைகளைச் சொந்தக் கோட்டாகப் பதியலாம். கட்டுத்துணியையும் மருந்தையும் சேவையோடு சேர்க்காமல் தனி வரியாக வையுங்கள். புண் ஆறிவரும்போது பொருள் குறையும், சேவைக் கட்டணம் குறையாது. இரண்டையும் கலந்தால் ஒவ்வொரு தடவையும் பேரம் பேச வேண்டியிருக்கும். கொடுப்பனவு முறைப் பட்டியலில் காசு, கார்ட், லங்காகியூஆர், வங்கி மாற்று என்று நான்கையும் சேருங்கள். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளை அம்மாவின் காலுக்கென்று மொத்தமாகப் பணம் அனுப்பினால் அதை முற்பணமாகப் பதிந்து வருகைக்கு வருகை கழியுங்கள். அம்மாவிடம் ஒரு ரிசீற், பிள்ளைக்கு அதே கணக்கின் ஒரு பிரதி. வேலைத்தலக் காப்புறுதியில் மீளப் பெறுபவருக்கு மொத்தத் தொகை மட்டும் உள்ள ரிசீற் பயன்படாது. திகதி, சேவை வரி வரியாக, நோயின் பெயர், வைத்தியரின் கையெழுத்தும் பதிவிலக்கம் கொண்ட சீலும் ஒரே தாளில் இருக்கவேண்டும். மென்பொருளின் ரிசீற்றில் சீல் வைக்க இடம் இல்லை. அச்சிடுமுன் கீழே நாலு விரல் இடம் விட்டுக்கொள்ளுங்கள்.